வாடகைக் குதிகால்

சாக்கடல் என்னும் உப்பு ஏரியின் கரையில் என் உடம்பை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறேன். என் தோலில் ஒட்டிய கருவி, என் மேல் படுவதையெல்லாம் எங்கோ வீட்டில் இருக்கும் வாடிக்கையாளரின் மூளைக்கு அப்படியே அனுப்பும். தொப்பை இலவசம். ஒரே விதி: அவர்களுக்கு வலித்தால் எனக்கு வேலை போய்விடும்.

அன்றைய வாடிக்கையாளர் முசிறி செங்கமலம் அக்கா. விபத்துக்குப் பிறகு பதினோரு வருடமாக அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. விடியலில் ஏரி இளஞ்சிவப்பாகக் கிடந்தது. கரையெல்லாம் காலிஃபிளவர் போல உப்பு பூத்திருந்தது. நீச்சல் தெரியாத நான் முழங்கால் தண்ணீரைத் தாண்டாமல் நின்றேன்.

“இந்த உப்புல யாரும் முங்க மாட்டாங்களாமே. சும்மா படுங்க தம்பி,” என்று அக்கா என் காதுக் கருவிக்குள் சிரித்தார். “நான் பதினோரு வருஷமா படுத்துத்தான் கெடக்கேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல.”

படுத்தேன். என் தொண்ணூற்றெட்டு கிலோவையும் ஏரி ஒரு வாழையிலையைப் போலத் தாங்கியது.

அப்போதுதான் குதிகால் சுரீரென்றது. படுக்கக் காலை உந்தியபோது அடியில் இருந்த உப்புக் கல் கிழித்திருக்கிறது. பதறி எழுந்தேன். “மன்னிச்சிருங்கக்கா, உடனே கரைக்குப் போயிடறேன்.”

“போவாதீங்க!” குரல் உடைந்தது. “எரியுது தம்பி. எனக்குக் குதிகால் எரியுது. இன்னும் கொஞ்ச நேரம் இருங்க.”

மறுபடி படுத்தேன். மிதந்து மிதந்து மேலே வந்த காலை, வேலை போனால் போகட்டும் என்று உப்புத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.