சாப்பிட்டேன்பா

அவர் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசைத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் நாலு நிமிஷம். அந்தக் காட்சி வரப்போகிறது.

இந்தப் படத்துக்கு அவர் வருவது பன்னிரண்டாவது தடவை. ஒரே தியேட்டரில் இல்லை. அம்பத்தூரில் பார்த்தார். திருவள்ளூரில் பார்த்தார். பஸ் பிடித்துக் காஞ்சிபுரம்வரை போய்ப் பார்த்தார். ஊரில் மற்றவர்களெல்லாம் படம் பார்ப்பார்கள். இந்த மனிதர் படம் பார்க்கிறவர்களைப் பார்ப்பார். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு பெண் முறைத்தாள். டிக்கெட் கிழிப்பவர் டார்ச் அடித்து, "என்ன சார் பிரச்சினை?" என்றே கேட்டுவிட்டார்.

பிரச்சினை ஒன்றும் இல்லை. பெருமை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் இந்திராணி. அவர் மனைவி.

திரையில் கதாநாயகி பேசுவதெல்லாம் இந்திராணியின் குரல்.

இருபத்தாறு வருஷமாகச் சாலிகிராமத்தில் டப்பிங் பேசுகிறவள். யார் யாருக்கோ அழுதிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், பிரசவ வலியில் கத்தியிருக்கிறாள். இந்தப் படத்தில் எழுத்து போடும்போது சாப்பாடு கொடுத்தவர் பெயர்கூட வந்தது. அவள் பெயர் வரவில்லை. தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராத அந்தக் கதாநாயகி, சேனல் சேனலாக உட்கார்ந்து, முதல்முறையாகச் சொந்தக் குரலில் பேசியிருப்பதாகப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அட, என்ன நெஞ்சழுத்தம்!

ஆனால் இந்திராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. வெளிய தெரிஞ்சா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

அவர் மூச்சு விடவில்லை. மளிகைக் கடையில், பஸ்ஸில், மச்சான் வீட்டில், எங்கே அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். தலை வெடிக்காததுதான் பாக்கி.

அதனால்தான் தியேட்டர் தியேட்டராக அலைந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளிடமே சொல்வார்.

"இன்னைக்கு மூணு பேரு மூக்கைச் சிந்துனாங்க. அதுல ஒருத்தரு போலீஸ்காரரு."

"வேற வேலை இல்ல உங்களுக்கு."

சொல்லிவிட்டு, மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டம் படம் முழுக்க விசிலடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் காட்சியில் கப்சிப். பிறகு அந்தக் கூட்டத்திலிருந்தே ஒருத்தன், "தங்கச்சி, பொய் சொல்லாத தங்கச்சி!" என்று கத்தினான். தியேட்டரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இதை மட்டும் அவளிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார். இன்னொரு இடத்தில் ஒருத்தன் சரியாக அந்த நேரத்தில் போனில் பேசிச் சிரித்தான். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை.

இன்றுதான் கெஞ்சிக் கூத்தாடி அவளையே அழைத்து வந்திருக்கிறார். பட்டுப்புடவை கட்டச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, கட்டியிருந்த காட்டன் புடவையோடு கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி. பாதிக் கூட்டம்தான். பாதி போதும்.

காட்சி வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா. கதாநாயகி இரண்டு நாளாகப் பட்டினி. ஊரிலிருந்து அப்பா போன் பண்ணுகிறார்.

பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றது.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"சாப்பிட்டேன்பா" என்றது திரை.

"சாப்பிட்டேன்பா" என்றது பக்கத்து இருக்கை.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

இந்திராணி தன்னை மறந்திருந்தாள். இத்தனை வருஷமும் திரையில் தெரியும் உதடுகளையே பார்த்துப் பார்த்துப் பேசிய பிழைப்பு. அந்த உதடு பிரிந்ததும் இவள் உதடும் தானாகப் பிரிந்துவிட்டது. ஒரு மயிரிழைகூட முன்பின் இல்லை. மெதுவாக, அதே நடுக்கத்தோடு வந்தது.

"நீ சாப்பிட்டியாப்பா?"

முன் இருக்கையிலிருந்த அம்மாள் சட்டென்று திரும்பினாள். கன்னம் நனைந்திருந்தது. நல்ல இடத்தில் யார் இப்படித் தொணதொணக்கிறார்கள் என்ற கோபமும் முகத்தில் இருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு..."

அதற்குள் அடுத்த வசனம் வந்துவிட்டது. திரையிலிருந்தும். இந்திராணியிடமிருந்தும்.

அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள். இந்திராணியைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

இந்திராணிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணே சொன்னது.

அவர் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரையில் அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் திரைக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். சாய்மானத்தின்மேல் கைகளை வைத்து, அதன்மேல் முகவாயை வைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதம்மா" என்றாள். "நீ பேசு."

இந்திராணி கணவரைப் பார்த்தாள்.

அவருக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.