ஒரு சிவப்பு இதழ்

"அண்ணன் கப்பல் மூழ்கி மூணு வருஷமாச்சு அண்ணி. இன்னும் அழாம உக்காந்திருந்தா ஊர் சிரிக்காதா?" என்றான் பெத்தேசிஸ்.

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்க அண்ணன் உயிரோடதான் இருக்கார்" என்றாள் தயீசிஸ்.

அந்த நேரம் பார்த்து, ரோமிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு வந்திருந்த வியாபாரி ஒருவன் வாசலில் மூட்டையைப் பிரித்தான். அவன் எடுத்துக் காட்டிய கண்ணாடிக் கிண்ணம் முழுக்க நீலப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் ஒரே ஒரு இதழ் சிவப்பு. வண்ணக் கண்ணாடியை அப்படி அடுக்கி உருக்கி, பூப்பூவாக நறுக்குகிறவர் அவள் கணவர் ஒருவர்தான்.

"இது பழசா?" அவள் கிண்ணத்தைக் கையில் வாங்கிக் கேட்டாள்.

"போன மாசம் செஞ்சதும்மா. அந்தாளு உங்க ஊர்க்காரர்தான். சிவப்பு இதழ் பொண்டாட்டிக்காகவாம்."

தயீசிஸ் கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டியா?" வியாபாரி பக்கம் திரும்பினாள். "எப்ப வர்றாராம்?"

"எங்கம்மா வருவாரு? ரோம்ல அந்தப் பொண்டாட்டிக்கு இப்பதான் ரெண்டாவது பிரசவம்."

பெத்தேசிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கிண்ணத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். வாசலோரம் ஓடிய வாய்க்காலில் இறங்கி, சாவு வீட்டுப் பெண்கள் செய்வதுபோல் சேற்றை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டாள்.

"உங்க அண்ணன் செத்துட்டார். ஊருக்குச் சொல்லு."