பூட்டுப் போட்டாச்சா?

"சார், வால்வை மூடலாமான்னு அவரைக் கேளுங்க."

"சார், தாராளமா மூடச் சொல்லுங்க அவரை."

ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டே அடி. அந்த ரெண்டடியில மாட்டிக்கிட்டு முழிச்சாரு சூப்பர்வைசர்.

"ஏன்யா, உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"

காது கேக்குது. பேச்சுவார்த்தைதான் இல்ல.

ஒருத்தர் மீட்டர்க்காரர். அந்த ஃபாக்டரியில எந்தக் கருவி வந்தாலும் மாட்டறது அவர்தான். இன்னொருத்தர் பாய்லர் ஆபரேட்டர், மீட்டர்க்காரருக்கு மச்சான். சம்சாரத்தோட கூடப் பொறந்த அண்ணன். மூணு மாசம் முன்னாடி வீட்டு விருந்துல, மச்சான் ஃபோன் பேசற மாதிரி மீட்டர்க்காரர் பேசிக் காட்ட, மொத்த சொந்தமும் சிரிச்சுது. மச்சான் பாதிச் சாப்பாட்டுல கையைக் கழுவிட்டு எழுந்தவர்தான்.

இன்னிக்கு வேலை, ஸ்டீம் லைன்ல புதுசா பிரஷர் டிரான்ஸ்மிட்டர் மாட்டறது. உள்ளே எவ்வளவு அழுத்தம்னு கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ற கருவி. அது கீழே, மூஞ்சி உயரத்துல. அதுக்கு வர்ற ஆவியை அடைக்கிற வால்வு மேலே, ஏணி ஏறினா வர்ற மேடையில. வேலை செய்யறவர் அந்த வால்வை மூடி, தன் படம் ஒட்டின சிவப்புப் பூட்டை மாட்டணும். அப்புறம்தான் கீழே கை வைக்கணும். மறந்தா எழுத்துல எச்சரிக்கை. மூணு எச்சரிக்கை ஆச்சுன்னா கேட்டுக்கு வெளியே.

மீட்டர்க்காரருக்கு ஏற்கெனவே ரெண்டு.

"ஞாபகம் இருக்குல்ல?"

"சார், இப்பல்லாம் நான் வீட்டுலயே பூட்டிட்டுத்தான் குறட்டை விடறேன்."

மேலே ஏறினாரு. வால்வை இறுக்கி மூடினாரு. பூட்டைக் கையில எடுத்தாரு. கீழே மச்சான் மூஞ்சி தெரிஞ்சுது. அதுக்கு மேல சும்மா இருக்க முடியுமா?

பூட்டைக் காதுல வச்சாரு. மூக்காலயே இழுத்தாரு.

"ஹலோஓ... பாய்லர் ரூம்ம்... யாரு பேசறதூ... நானா? நான் நான்தான் பேசறேன்..."

சூப்பர்வைசர் அடக்கிப் பாத்தாரு. தோள் குலுங்கிடுச்சு. மச்சான் மட்டும் கண்ணைக்கூட சிமிட்டாம மேலேயே பாத்துக்கிட்டு நின்னாரு.

"சரிங்ங்க... வச்சுடறேன்ன்..." ஃபோனைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஜம்முனு இறங்கினாரு மீட்டர்க்காரர்.

"பூட்டுப் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்!"

புது டிரான்ஸ்மிட்டரை எடுக்க ஸ்டோருக்குப் போனாரு. கையெழுத்துப் போட சூப்பர்வைசரும் கூடவே போனாரு. திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் அண்ணாந்து பாத்தாரு. மேலே சிவப்புப் பூட்டு தொங்கிட்டிருந்துச்சு.

"சரி, ஆரம்பி."

கரண்டை நிறுத்தி, குழாயில மிச்சமிருந்த ஆவியை வெளியேத்தி, பழசைக் கழட்டினாரு மீட்டர்க்காரர். வளைஞ்ச குழாய் நிறையத் தண்ணி ஊத்தினாரு. சூடான ஆவி நேரா அடிச்சா புதுசு வெந்துடும். வேலையில கெட்டிக்காரர்தான்.

திறந்த குழாய்க்கு நேரா மூஞ்சியை வச்சு உத்துப் பாத்துக்கிட்டிருந்தப்ப, மேலே 'டக்'குனு ஒரு சத்தம்.

"யாருய்யா அது?" மேடையிலேருந்து ஷிப்டுப் பையன் ஒருத்தன் எட்டிப் பாத்தான்.

"கண்ட்ரோல் ரூம்ல ரீடிங் வரலண்ணே. வால்வு மூடியிருக்கேன்னு திறக்கப் பாத்தேன். பூட்டியிருக்கு. சரி, சரி, வேலையைப் பாருங்க." அவன் இறங்கிப் போயிட்டான்.

"பாத்தீங்களா சார்! பூட்டு மட்டும் இல்லேன்னா என் மூஞ்சி இந்நேரம் வெந்திருக்கும். இதெல்லாம் சில பேருக்கு எங்க புரியப் போவுது?"

அந்த 'சில பேர்' பாய்லர் பக்கம் பாத்துக்கிட்டு நின்னாரு.

புதுசை மாட்டியாச்சு. வயரையும் முடுக்கியாச்சு. பூட்டைக் கழட்ட மேலே ஏறினாரு. சாவியைப் போட்டுத் திருப்பினாரு. திரும்பல. பூட்டைப் புரட்டிப் பாத்தாரு. படத்துல மச்சான்!

"சாஆஆர்! என் பூட்டைக் கழட்டிட்டுத் தன் பூட்டை மாட்டி வச்சிருக்காரு! என் பூட்டோட ஸ்பேர் சாவி அவர் ரூம்லதானே இருக்கு! நான் சாவியைத் திருப்பித் திருப்பி முழிக்கணும், அதைப் பாத்து இவர் சிரிக்கணும்!"

சூப்பர்வைசர் மச்சான் பக்கம் திரும்பினாரு.

"விளையாடற இடமாய்யா இது? அவர் பூட்டு எங்க?"

மச்சான் மீட்டர்க்காரரை ஒரு தடவை ஏற இறங்கப் பாத்தாரு. அப்புறம் தரையைப் பாத்தாரு.

"தப்புதான் சார்." சாவியை எடுத்து நீட்டினாரு.

"பத்தொம்பது வருஷத்துல உன் பேர்ல ஒரு வரி எழுதினதில்லய்யா."

"எழுதிக்குங்க சார்."

பூட்டு திறந்துச்சு. வால்வை மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா திறந்தாங்க. கண்ட்ரோல் ரூம்ல ரீடிங் கச்சிதமா வந்துச்சு.

சூப்பர்வைசர் குனிஞ்சு எச்சரிக்கைக் காகிதத்தை எழுத ஆரம்பிச்சாரு.

"நீயும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு."

"ஒண்ணென்ன சார், ரெண்டாவே போடறேன்!"

மீட்டர்க்காரர் பேனாவுக்காகப் பைக்குள்ள கையை விட்டாரு. டேப்பு, நட்டு, ஸ்பேனர்னு குப்பைத்தொட்டி மாதிரி இருக்கற பை. துழாவினாரு. கையில கனமா என்னவோ தட்டுப்பட்டுச்சு. எடுத்தாரு.

சிவப்புப் பூட்டு. படத்துல அவரே பல்லெல்லாம் தெரிய இளிச்சுக்கிட்டிருந்தாரு.

"என்னய்யா, பேனா இல்லையா?" சூப்பர்வைசர் இன்னும் தலை நிமிரல.

மீட்டர்க்காரர் வாயைத் திறந்தாரு. எந்தக் குரலும் வரல. அவர் குரல்கூட.

மூணு மாசத்துக்கப்புறம் முதல் தடவையா, மச்சான் பக்கத்துல வந்து அவர் காதோரமா நேராவே பேசினாரு:

"பேனாவை மட்டும் எடுங்க மாப்ளே."