தெரிந்த பாடம்

“அந்த மூணு கிரெடிட்டும் எனக்கு வேணாம். எடுத்துடுங்க” என்றார் வெண்டல் க்ரௌஸ்.

நடீன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பழைய படிப்பையும் வேலை அனுபவத்தையும் எடைபோட்டு, எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கொடுத்து, அதைப் படிக்காமலே தாண்டவிடலாம் என்று முடிவு செய்வது அந்தக் கல்லூரியில் அவள் வேலை.

“மிஸ்டர் க்ரௌஸ், ஒரே ஒரு கிரெடிட்டுக்காக இந்த நாற்காலியில உக்காந்து அழுதவங்க இருக்காங்க. மேஜையைக் குத்தினவங்க இருக்காங்க. குடுத்ததைத் திருப்பிக் குடுக்க வந்தவர் நீங்க ஒருத்தர்தான். ராணுவத்துல ஓடினதுக்குக்கூட உடற்பயிற்சிப் பாடத்தைக் கழிச்சு விட்டிருக்கோமே. அதுவும் வேணாமா?”

“அது இருக்கட்டும். இப்ப ஓட முடியாது.”

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்கும் தெரிந்தது. ஆனால் முகம் அசையவில்லை. குளிர்சாதனம் எங்கோ சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தது.

“ஆம்புலன்ஸ்ல இத்தனை வருஷம் இருந்தவருக்கு உயிர்காப்பு முதலுதவி வகுப்பு எதுக்கு?” என்றவள், சட்டென்று குரலைத் தணித்தாள். “ஓ, புரிஞ்சுபோச்சு. முன்னாள் படைவீரர் உதவித்தொகை. பாடம் குறைஞ்சா வாடகைப் படியில கை வைப்பாங்க. அதானே? சும்மா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

“அது எனக்குக் காலாவதியாகி ரொம்ப நாளாச்சு.”

“அப்புறம் என்னதாங்க? இந்தப் பாடம் கழிஞ்சா டிகிரி சீக்கிரம் கைக்கு வருமே.”

“டிகிரி எனக்கு எதுக்கும்மா? இந்த ஒரு வகுப்புல உட்காரத்தான் கல்லூரியிலயே சேர்ந்தேன்.”

நடீன் பெருமூச்சு விட்டாள். கிரெடிட் விழுந்துவிட்ட பாடத்தில் மறுபடி பெயர் பதியக் கணினி விடாது. வகுப்பு எடுப்பவர் சம்மதித்தால்தான் உண்டு. எதிர் அறையில் இருந்த அவருக்குப் போன் செய்தாள்.

முதலுதவி பழகுவதற்கான, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ஒரு ரப்பர் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தான் டாரில். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“பாஸ்! நீங்களா?”

“எப்ப கொலராடோவுல இருந்து வந்த?”

“இந்தக் கோடையிலதான். எத்தனை வருஷமாச்சு உங்களைப் பாத்து!” டாரில் நடீனிடம் திரும்பினான். “இவர் யார் தெரியுமா? எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவர். மொத நாள் வண்டியில ரத்தத்தைப் பாத்து நான் வாந்தி எடுக்கிறேன். ஒரு கையால என் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால நோயாளியைக் காப்பாத்தினாரு மனுஷன்.”

“அவர் இப்ப உங்க வகுப்புல மாணவரா சேரணுமாம்.”

டாரிலின் சிரிப்பு பாதியில் நின்றது. “என்ன பாஸ், நான் ஒழுங்கா நடத்துறேனான்னு வேவு பாக்க வர்றீங்களா? நீங்க பின்வரிசையில உக்காந்து தொண்டையைக் கனைச்சாலே எனக்கு வேர்த்துடும். பசங்க முன்னால என் மானத்தை வாங்காதீங்க.”

“கனைக்க மாட்டேன்.”

மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. வெண்டல் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து ஒன்றை நீட்டினார். காலையில் கை தானாகவே இரண்டு கட்டிவிட்டிருந்தது.

டாரில் ரொட்டியைப் பிரித்துப் பார்த்தான். “வான்கோழி. ஆனா வெள்ளரி ஊறுகாயைக் காணோமே? லொரெட்டா அண்ணிக்குத்தான அது ஆகாது? அவங்க பங்கை எனக்குக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போய் நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க.”

“திட்ட மாட்டா. சாப்பிடு.”

அவன் நின்றபடியே தின்று முடித்தான். கையைத் துடைத்துக்கொண்டு, பொம்மையைத் தூக்கி நடீனின் மேஜைமேல் மல்லாக்கப் போட்டான்.

“இந்தம்மா சாட்சி. செஞ்சு காட்டுங்க பாஸ். ஒரு சின்னத் தப்பு பண்ணுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுச் சேத்துக்கிறேன்.”

வெண்டல் எழுந்தார். பொம்மையின் நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையை ஊன்றி, மறு கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொண்டார். முழங்கை மடங்காமல் அழுத்தத் தொடங்கினார்.

ஆழம் சரியாக இருந்தால் பொம்மைக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வந்தது. நடீனின் காப்பிக் கோப்பை மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அருமை. போதும் பாஸ்.”

டிக். டிக். டிக்.

“பாஸ், போதும்.”

டாரில் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும் அந்தக் கைகள் ரப்பர் நெஞ்சைவிட்டு எழவில்லை.

“தாளமும் பிசகலை, ஆழமும் பிசகலை. புத்தகத்துல போட்டிருக்கிறது அப்படியே வருது” என்றான் டாரில், நடீனைப் பார்த்துக் கையை விரித்து. “சொல்லுங்க பாஸ், இதுக்கு மேல நான் உங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தர?”

வெண்டல் பொம்மையின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“லொரெட்டாவுக்கும் இதையேதான் செஞ்சேன், டாரில். அவ எந்திரிக்கல.”