அச்சு அசலாக ஒரு அலாய் வீல்

பள்ளத்தில் இறங்கியதில் காரின் இடது முன் அலாய் வீல் உடைந்துபோனது. அந்த இடத்தில் டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை மாட்டினார்கள். கறுத்த இரும்புச் சக்கரம் பக்கத்தில் வந்து நின்றதும் வலது வீலுக்கு மானமே போய்விட்டது.

"கார் பூஜை அன்னிக்கு நாலு பேரும் ஒண்ணா எலுமிச்சம்பழம் நசுக்கினவங்க நாங்க. நீ எங்களுக்கு ஜோடியா? எங்களை மாதிரியே பளபளன்னு ஒருத்தன் வரட்டும்!" என்று குதித்தது.

"வரட்டும்ணே," என்றது ஸ்டெப்னி.

முதலாளி ஊரெல்லாம் அலைந்து, அதே டிசைனில் புத்தம்புதிதாக ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இது பக்கத்துல மத்த மூணும் அழுக்கா தெரியுதே! அந்த மூணையும் கழட்டிடுப்பா, எல்லாத்தையும் புதுசாவே போட்டுடலாம்," என்றார் மெக்கானிக்கிடம்.

டிக்கிக்குள் மறுபடி ஏறிப் படுத்த ஸ்டெப்னி மெல்லச் சொன்னது: "அண்ணே, எலுமிச்சம்பழம் வாங்க ஆள் போயிருக்கு."