‘கெட்டது’ கவர்

மாதம் பிறந்ததும் மரகதம் வீட்டுச் செலவுப் பணத்தைப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் பிரித்துப் போட்டுவிடுவாள். பால், மளிகை, கேஸ், கரண்ட் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும். கடைசிக் கவரில் ‘கெட்டது’. சாவுக்குப் போக வர பஸ் காசு, மாலை எல்லாம் அதிலிருந்துதான். ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று கிடையாது.

மகன் திருமாறன் அந்தக் கவரிலிருந்துதான் ஐந்நூறு ரூபாயை எடுத்தான். பால் கவரில் கை வைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். சொந்தத்தில் இப்போதைக்கு யாரும் சாகிற மாதிரியும் இல்லை. நண்பர்களோடு போய் பிரியாணி சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

மறுவாரம் சிங்காரம் பெரியப்பா நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திருமாறன் காலையும் மாலையும் ஃபோன் போட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று விசாரித்தான். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டான்.

“என்னடா, பெரியப்பா மேல திடீர்னு இவ்ளோ பாசம்?” என்றாள் மரகதம். அவன் இன்னொரு தோப்புக்கரணம் போட்டான்.

பெரியப்பா பிழைத்து, இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “நான் பெத்ததுங்க ஒரு ஃபோன் பண்ணல மரகதம். இவன்தாம்மா என் உசிரைப் புடிச்சு வச்சிருந்தான்” என்று கண் கலங்கியவர், மறுக்க மறுக்க அவன் சட்டைப்பையில் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திணித்தார்.

திருமாறன் நேராக உள்ளே போய் அதைக் ‘கெட்டது’ கவரில் வைத்து மூடினான். இனி யாருக்காகவும் கும்பிட வேண்டியதில்லை என்று பெரிய நிம்மதி வந்தது.

கூடத்தில் பெரியப்பா இருமினார்.

திருமாறன் கவரை மறுபடியும் திறந்து, அவர் கொடுத்த தாளை வெளியே எடுத்தான்.