செயின் ஆறும்வரை

அப்பாவின் ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு மரம் விழுந்து கிடந்தது.

ஆபீஸ் என்றால், தோட்டத்து மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் ஒற்றை அறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பா கட்டிக்கொண்டது. கதவில் 'முதுநிலை மேலாளர்' என்று பித்தளைப் பலகை. 'ஓய்வு' என்ற சொல்லும் உண்டு, எறும்பு அளவில்.

காற்று அடங்கியதும் அம்மா போன் செய்தாள். "அப்பா உள்ள இருக்காரு. கதவைத் திறக்க முடியல. உன் வீட்டுக்காரரை வரச் சொல்றாரு."

போனை மற்ற காதுக்கு மாற்றி இன்னொரு முறை கேட்டேன். அதே வாக்கியம்தான்.

கல்யாணமானதிலிருந்து அப்பா என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் ஒரு மரம் வெட்டுகிறவரைக் கட்டிக்கொண்டது மேலாளருக்குச் செரிக்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "இயற்கை வளத் துறையில இருக்காரு" என்பார். எந்த நாற்காலியில் என்று அவர்களும் கேட்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் இவர் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அடிமரம் பாதி அறுபட்டதும் மோட்டார் ரம்பத்தை நிறுத்தினார். அதன் பல் செயின் தளர்ந்து, அது சுற்றி ஓடும் தகட்டுக்குக் கீழே தொங்கியது.

"ஏன் நின்னுடுச்சுன்னு கேளு," என்றார் அப்பா, உள்ளேயிருந்து, என்னிடம்.

"சூட்டுல செயின் நீண்டிருக்கு. இப்பவே இறுக்கினா ஆறும்போது சுருங்கி தகட்டைக் கடிச்சிடும். கொஞ்சம் ஆறட்டும்னு சொல்லு," என்றார் இவர், வெளியேயிருந்து, என்னிடம்.

இருவரும் பேசியது தமிழ்தான். நடுவில் இருந்தது ஒரு பலகைக் கதவு. ஆனாலும் நான் மொழிபெயர்த்தேன்.

அம்மா டீ கொண்டுவந்தாள். எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, தட்டில் மீதமிருந்த மூன்றாவது டம்ளரோடு நகர்ந்தாள்.

"சூட்டோட இறுக்கவே கூடாதா?"

இந்த முறை 'கேளு' இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார். "ரொம்ப தொங்கினா இறுக்கித்தான் ஆகணுங்க. ஆனா வேலை முடிஞ்சதும் மறக்காம தளர்த்திடணும்."

"நிர்வாகத்துல நானும் இதையேதான் சொல்லிட்டிருந்தேன்!"

நிர்வாகத்தில் என்ன சொன்னாரோ. வீட்டில் எல்லாவற்றையும் சூட்டோடு இறுக்கினார். தளர்த்திப் பார்த்ததில்லை.

பிறகு கதவு பேசிக்கொண்டே இருந்தது. சத்தத்துக்குக் காதை மூடிக்கொள்வதுண்டா, குனிந்து குனிந்து இடுப்பு வலிக்காதா. இவர் வலிக்கும் என்றார். அப்பாவுக்கும் வலிக்குமாம். எந்தத் தைலம் தேய்ப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடுகூட வந்துவிட்டது. கேட்க எனக்குக் கச்சேரி மாதிரி இருந்தது. விழுந்து கிடந்த மரத்தை, யாரும் பார்க்காதபோது, ஒரு தடவை தடவிக் கொடுத்தேன்.

செயின் ஆறியது. இவர் திருகாணியை லேசாக முடுக்கிவிட்டு, செயினை விரலால் இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்புக்கு வந்தது. விட்டதும் டக்கென்று தகட்டின் காடியில் போய் உட்கார்ந்தது. கச்சிதம். ரம்பத்தைத் தூக்கினார்.

அப்போது அம்மா அறையின் பின்பக்கத்திலிருந்து வந்தாள். கையில் காலி டம்ளர்.

அந்த அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒரு சருகுகூட விழவில்லை. நானும் இவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இவர் டம்ளரையே பார்த்தார். பிறகு என்னை. நான் என் டீயை ஊத ஆரம்பித்தேன், அது எப்போதோ ஆறியிருந்தாலும்.

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மரத்தின் மேலேயே வசதியாக உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் தொங்குதுங்க, மாமா."

உள்ளே நாற்காலி ஒன்று கதவுக்கு அருகே இழுபடும் சத்தம் கேட்டது.

"அவசரமே இல்ல. நல்லா ஆறட்டும், மாப்ளே."